பச்சைத் தேயிலையும் பாதி வெங்காயமும்

மாமியார் பால் எடுக்கத்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தார். திறந்த கை அப்படியே நின்றுவிட்டது.

மேல்தட்டில் கேக் உட்கார்ந்திருந்தது. இளந்தளிர்ப் பச்சை. மேலே ஒரு விரிசல் கிடையாது. நேற்று பகல் முழுக்க மருமகள் பாடுபட்டுச் சுட்ட பச்சைத் தேயிலை சீஸ்கேக். இன்று சாயங்காலம் வேலைத் தேர்வுக்காகப் பெரிய ஹோட்டலின் முதலாளியம்மா முன்னால் போய் நிற்க வேண்டியது.

அதற்கு நேர் கீழ்த்தட்டில், பாதி வெட்டிய பெரிய வெங்காயம் ஒன்று, மூடி இல்லாமல் கிடந்தது. நேற்று சமையலை முடித்துவிட்டு அதை அங்கே வைத்தவர் வேறு யாருமில்லை, மாமியாரேதான்.

அவர் குனிந்து கேக்கின் பக்கம் மூக்கைக் கொண்டுபோனார்.

"அடப் பாவமே!"

குளித்து முடித்த ஈரத்தலையோடு மருமகள் வந்தாள். "என்ன அத்தை, கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க? குளிர் போயிடும்."

"நீ காலையில இதைத் திறந்து பார்த்தியா?"

"எழுந்ததும் முதல் வேலையே அதுதானே! நல்லா இறுகியிருக்கு பாருங்க."

"மோந்து பார்த்தியா?"

மருமகள் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினாள். "பார்த்தேன், அத்தை."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. தேயிலை வாசனை தூக்கலா..."

மாமியார் ஃப்ரிட்ஜ் கதவை மெதுவாகச் சாத்தினார். இந்த மருமகளை அவள் வேலை பார்த்த பேக்கரியில் எல்லோரும் 'மூக்குக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே எந்த அடுப்பில் வெண்ணெய் தீயப் போகிறது என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் வெங்காய நாற்றம் அடிக்கும் கேக்கை மோந்துவிட்டு, தேயிலை வாசனை தூக்கல் என்கிறாள்!

"இப்ப என் முன்னாடி மோந்து பாரு."

"எதுக்கு அத்தை?"

"சும்மா பாரேன்."

மருமகள் அசையவில்லை. துண்டு கையிலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டே நாத்தனார் வந்தாள். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். இன்றைக்கு அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"என்ன சொல்லணும் என்கிட்ட?" என்றார் மாமியார்.

போன வாரம் நடந்ததை அவர் அறியமாட்டார். தைத்த துணிகளைக் கொடுக்க அவர் வெளியே போயிருந்தபோது, அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாற்றம் அடித்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி, கைக்கெட்டும் தூரத்தில் நின்று மருமகள் நிம்மதியாக மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளே வந்த நாத்தனாருக்குத்தான் விஷயம் புரிந்தது. காய்ச்சல் வந்து போனதிலிருந்து அண்ணிக்கு வாசனை என்பதே தெரியவில்லை. பேக்கரி வேலையை விட்டதும் அதனால்தான், மற்றவர்களிடம் சொன்னதுபோல ஓய்வுக்காக அல்ல. கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கும் கணவனுக்குக்கூட அவள் சொல்லவில்லை. 'அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்' என்று நாத்தனாரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

சத்தியம் கொட்டாவியோடு போயிற்று.

"எனக்கு மூக்கு போயிடுச்சு, அத்தை" என்றாள் மருமகள். "பூவும் தெரியல, புகையும் தெரியல. டாக்டர் வரும்ங்கிறார். எப்ப வரும்னு அவருக்கே தெரியல."

மாமியார் தையல் மெஷின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். முகம் இறுகியிருந்தது.

"வீட்டுக்குள்ளயே இருக்கிறவ என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? ஹோட்டல்ல இருந்து கூப்பிட்ட அன்னிக்கே நீங்க எதிர்வீட்டு வக்கீல்கிட்ட சொல்லிட்டீங்க. மருந்துக்கடைக்காரர்கிட்ட சொல்லிட்டீங்க. துணி தைக்க வர்ற ஒருத்தர் பாக்கியில்ல. 'என் மருமக கேக் பிரிவுக்கே தலைவி ஆகப்போறா, அவ மூக்குக்கு இந்த ஊர்ல ஜோடி கிடையாது'ன்னு..."

"அப்ப உனக்கு மூக்கு போனது பெரிசில்ல. என் வாய்க்குத்தான் பயந்திருக்கே."

நாத்தனார் சத்தம் வராமல் தண்ணீர் குடித்தாள்.

"விடுங்க அத்தை" என்றாள் மருமகள் கடைசியில். "வரலைன்னு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன். வெங்காயம் இல்லாட்டியும் ஒரு நாள் மாட்டியிருப்பேன்."

மாமியார் எழுந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து வெங்காயத்தை எடுத்து வெளியே போட்டார். பிறகு கேக்கை இரு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, மருமகளைப் பார்த்தார்.

"இன்னொண்ணு சுட நேரம் இருக்கா?"

"அத்தை..."

"இருக்கா, இல்லையா?"

மருமகள் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாள். "இப்பவே ஆரம்பிச்சா இருக்கு. ஆனா வாசனை..."

"வாசனைக்கு நான் இருக்கேன். இந்த மூக்கு இன்னும் வேலை செய்யுது. ஆனா பச்சைத் தேயிலைன்னா எனக்கு ஆகாது, புல்லைக் காய்ச்சின மாதிரி இருக்கும். உலகத்துல வேற கேக்கே இல்லையா உனக்கு?"

மருமகளின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் சிரிப்பு தெரிந்தது.

"மத்த கேக்கெல்லாம் வாசனையால நிக்குது, அத்தை. வெனிலா, ஆரஞ்சு, பட்டை, எல்லாமே மூக்குக்குத்தான். இது மட்டும் நாக்கால நிக்குது. தேயிலையோட கசப்பு, சீஸோட புளிப்பு, சர்க்கரையோட இனிப்பு. இந்த மூணும் என் நாக்குக்கு இன்னும் தெரியும். அதனாலதான் இதை எடுத்தேன்."

மாமியார் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "என்ன வாங்கிட்டு வரணும், சொல்லு."

சீஸ் வாங்க அவரே கடைக்குப் போனார். மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார். "இன்னிக்குத்தானே உங்க மருமகளுக்கு? வேலை கிடைச்ச மாதிரிதானே?"

வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே நின்று கால்மணி நேரம் பேசியிருப்பார். இன்றைக்கு, "சாயங்காலம் ஆகட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். மருந்துக்கடைக்காரர் வெயிலில் இறங்கி வந்து, இது அதே அம்மாதானா என்று எட்டிப் பார்த்தார்.

மாமியார் திரும்பி வருவதற்குள் நாத்தனார் பிஸ்கட்டுகளைப் பையில் போட்டு, பூரிக்கட்டையால் நொறுக்கித் தள்ளியிருந்தாள். சமையலறையில் அவளை நம்பிக் கொடுக்கக்கூடிய வேலை அது ஒன்றுதான். உருக்கிய வெண்ணெயை ஊற்றிப் பிசைந்து, கேக் சுடும் தகரத்தின் அடியில் பரப்பி, டம்ளர் அடியால் அழுத்தினாள் மருமகள். அந்தப் பிஸ்கட் அடித்தட்டு மட்டும் முதலில் ஓவனுக்குள் போயிற்று.

"அத்தை, இங்க உட்காருங்க. வாசனை மாறும்போது சொல்லுங்க."

மாமியார் ஓவனுக்கு எதிரே முக்காலியைப் போட்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். 

"இப்ப என்ன வருது?"

"வெண்ணெய் வருது."

"இப்ப?"

"வெண்ணெய்தான்... இரு, இரு. வேற மாதிரி ஆகுது. எப்படிச் சொல்றது?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். "காட்டன் துணியை ஈரத்தோட இஸ்திரி போட்டா ஒரு வாசனை வருமே, அது."

மருமகளுக்குப் பளிச்சென்று புரிந்தது. அந்த வாசனையை அவள் இந்த வீட்டில் தினமும் மோந்திருக்கிறாள். பிஸ்கட் சிவக்கத் தொடங்குகிறது.

"அது காயற வரைக்கும் விடலாம். இஸ்திரிப் பெட்டி ஒரு நொடி அதிகமா நின்னா வர்ற வாசனை வந்தா உடனே சொல்லுங்க. துணி கருகறதுக்கு முந்தி வருமே..."

"பழுப்பு வாசனை. எனக்குத் தெரியாதா?" சொல்லிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. "எடு! எடு, எடு! வந்துடுச்சு!"

மருமகள் கதவைத் திறந்து தகரத்தை வெளியே இழுத்தாள். அடித்தட்டு ஓரம் வரை ஒரே சீராகச் சிவந்திருந்தது. ஓரத்தில் ஒரு பொறுக்கு எடுத்து நாத்தனார் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, நேத்திக்கு சுட்டதைவிட இது நல்லா இருக்கு."

"நேத்திக்கு நான் மட்டும்தானே இருந்தேன்" என்றாள் மருமகள்.

அதன் பிறகு வேலை ஓடியது. சீஸைக் கட்டியில்லாமல் குழைத்தாள். சர்க்கரையைச் சேர்த்தாள். முட்டைகளை ஒவ்வொன்றாக, காற்று ஏறிவிடாமல் மெதுவாகக் கலந்தாள். காற்று ஏறினால் கேக் ஓவனுக்குள் பொங்கி எழுந்து, வெளியே வந்ததும் வெடித்துவிடும். தேயிலைப் பொடியைச் சலித்து வெதுவெதுப்பான பாலேட்டில் கரைத்தாள். பச்சை பரவியது.

மாமியார் கிண்ணத்தின் மேல் குனிந்தார். "மழையில நனைஞ்ச புல்லு. அப்புறம்... புதுத் துணியை முதல் தடவை தண்ணியில முக்கும்போது வருமே, அது கொஞ்சம்."

"ஊசிப்போன வாசனை? காய்ஞ்ச வைக்கோல் மாதிரி?"

"அதெல்லாம் இல்ல. புதுசா இருக்கு."

இனி நாக்கின் வேலை. மருமகள் ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். முதலில் இனிப்பு வந்தது. பின்னால் புளிப்பு. கசப்பு வருவதற்குள் இரண்டும் போய்விட்டன. இன்னும் கொஞ்சம் பொடி சேர்த்தாள்.

"ஐயோ போதும்!" என்றார் தானும் ஒரு சொட்டு ருசி பார்த்த மாமியார். "ஏற்கெனவே கசக்குது. பேருக்கு ரெண்டு சொட்டு வெனிலா விட்டு ஒப்பேத்திடேன்."

"வேண்டாம், அத்தை. கசப்பு கடைசியில வந்து நிக்கணும். மருந்து மாதிரி இல்ல, நல்ல டீ குடிச்ச வாய் மாதிரி. இதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

அந்தக் குரலை மாமியார் பல மாதமாகக் கேட்கவில்லை. பேக்கரியிலிருந்து வந்ததும் அன்றைய வேலையைப் பற்றிக் கைகால் ஆட்டிப் பேசுவாளே, அந்தக் குரல். அவர் வெனிலா புட்டியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

தகரத்தைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டி, வெந்நீர் ஊற்றிய தட்டில் வைத்து, ஓவனுக்குள் தள்ளினாள். பச்சை நிறம் பழுப்பாகிவிடாமல் மேலேயும் ஒரு தாள். மாமியார் முக்காலியை விட்டு எழவில்லை. முட்டை வாசனை வருகிறது, போகிறது, இனிப்பு வருகிறது என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் மருமகள் தகரத்தை லேசாக அசைத்துப் பார்த்தாள். ஓரம் நின்றது, நடு மட்டும் தளும்பியது. அடுப்பை அணைத்து, கதவு மூடாதபடி மரக்கரண்டியைச் செருகி வைத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் நாத்தனார்.

"இனி மெதுவா ஆறணும். அப்புறம் நல்லாக் குளிரணும்." சொல்லும்போதே மருமகளுக்கு உறைத்தது. "ஃப்ரிட்ஜ்!"

மூன்று பேரும் ஃப்ரிட்ஜைப் பார்த்தார்கள். மாமியார் திறந்து முகர்ந்து, உடனே சாத்தினார். "தேய்ச்சுக் கழுவினாலும் இன்னிக்குள்ள போகாது."

ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். வக்கீல் தனிக்கட்டை. கதவைத் திறந்தவர் மலர்ந்த முகத்தோடு, "வாங்கம்மா, மருமகள் ஹோட்டலுக்குக் கிளம்பியாச்சா?" என்றார்.

"இல்ல. உங்க ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் மோந்து பார்க்கணும்."

நீதிமன்றத்தில் எத்தனையோ விசித்திரங்களைப் பார்த்தவர், இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் வழிவிட்டார். மாமியார் உள்ளே தலையை நுழைத்து, தட்டுத் தட்டாக மோந்தார். தண்ணீர் பாட்டில்கள், ஒரு எலுமிச்சம்பழம், வேறொன்றுமில்லை.

"எலுமிச்சம்பழத்தை மட்டும் வெளியே எடுத்துடுங்க. சாயங்காலம் வரைக்கும் இதைத் திறக்கக் கூடாது."

"என் வீட்டு ஃப்ரிட்ஜையா?"

"தண்ணி வேணும்னா எங்க வீட்டுல வந்து குடிங்க."

நாத்தனார் வேலைக்குக் கிளம்பும்போது சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஆட்டோவுல எல்லாம் போகாதீங்க அண்ணி, குலுக்கியே கொன்னுடுவான். வெயில் சாயறப்போ என் பஸ் நம்ம நிறுத்தத்துக்கு வரும். ஹோட்டல் வாசல்லயே இறக்கி விடறேன்."

சொன்னபடியே பேருந்து வந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த இடத்தில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்தார்கள். மருமகளின் மடியில் பனிக்கட்டி சுற்றிய பெட்டி. அதற்குள் கேக்.

அந்தத் தடத்தில் நாத்தனாருக்கு ஒரு பெயர் உண்டு. 'புயல்' என்பார்கள். இன்றைக்குப் புயல் தென்றலாக வீசியது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டி ஏறக்குறைய நின்று, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கியது.

"என்னம்மா, பஸ் ஓட்டுறியா, தொட்டில் ஆட்டுறியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"உள்ளே யாராவது பச்சைக் குழந்தை தூங்குதா?" என்றார் இன்னொருவர்.

நாத்தனார் கண்ணாடியில் பார்த்தாள். "எங்க அண்ணி கேக் எடுத்துட்டுப் போறாங்க. குலுங்கினா உடைஞ்சுடும். வேலை கிடைக்கற கேக். அவசரம்னா இறங்கி அடுத்த பஸ்ஸுல வாங்க."

ஒருவரும் இறங்கவில்லை. அதற்குப் பிறகு பள்ளம் வரும்போதெல்லாம் பின்னாலிருந்தவர்களே, "மெதுவா, மெதுவா, லெஃப்ட்ல ஒரு குழி" என்று வழி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மருமகள் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஹோட்டலின் சமையலறையை ஒட்டிய அறையில் நீளமான மேசை. போட்டிக்கு வந்த மற்ற இருவரும் தங்கள் கேக்குகளை வைத்துவிட்டு வெளியே காத்திருந்தார்கள். ஒன்று அடுக்கடுக்காகக் கோபுரம்போல இருந்தது, இன்னொன்றில் சர்க்கரைப் பூக்கள் மலர்ந்து கிடந்தன; இரண்டிலும் ஒரு துண்டு வெட்டியிருந்தது. அவற்றின் பக்கத்தில் அலங்காரம் ஏதுமில்லாத பச்சை வட்டத்தை வைத்தாள் மருமகள்.

முதலாளியம்மா நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பக்கத்தில் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர், இஸ்திரி கலையாத வெள்ளை உடுப்பில். பெரிய அடுப்பில் யார் வேண்டுமானாலும் சுடலாம், வீட்டு அடுப்பில் சுட்டுக் கொண்டு வாருங்கள் என்பதுதான் அந்த அம்மாளின் நிபந்தனை.

அவர் கத்தியை எடுத்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றாள் மருமகள். "சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சல்ல போயிடுச்சு. அது தெரிஞ்சே நீங்க சாப்பிடணும்."

தலைமைச் சமையல்காரரின் புருவம் ஏறியது. "மூக்கு இல்லாம கேக் பிரிவுக்குத் தலைமையா? கண்ணு தெரியாதவர் கார் ஓட்ட வந்த மாதிரியில்ல இருக்கு?"

கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்துவிட்டார்.

"ஐயா, நான் தையல்காரி. ஊசியில நூல் கோக்க எனக்குக் கண்ணு பத்தாது, பக்கத்துல யாராவது கோத்துத் தரணும். ஆனா நான் தைச்ச துணியில ஒரு தையல் கோணலா இருக்குன்னு யாரும் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது. கேக் முன்னாடி இருக்கு. சாப்பிட்டுட்டுப் பேசுங்க."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்.

முதலாளியம்மா ஒரு துண்டு வெட்டினார். கத்தி நழுவி இறங்கியது. வாயில் வைத்தார். மென்றார். விழுங்கிய பிறகும் அசையாமல் எதற்கோ காத்திருந்தார். அது வந்ததும் தலையை மெல்ல ஆட்டினார்.

"கசப்பு இப்பதான் வருது."

"ஆமாம்மா."

"இவ்வளவு துணிஞ்சு யாரும் விட மாட்டாங்க. பயந்துகிட்டு எசன்ஸை ஊத்தி மறைச்சுடுவாங்க."

"மறைக்க என்கிட்ட எதுவும் இல்லம்மா. நாக்குக்குத் தெரியறதை மட்டும் நம்பிப் பண்ணினேன். வாசனை முழுக்க எங்க அத்தை சொன்னது."

தலைமைச் சமையல்காரரும் சாப்பிட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உள்ளே போய் இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்தார். இரண்டிலும் ஒரே மாதிரி பாலேடு. "இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

மருமகள் இரண்டையும் கரண்டியால் தூக்கி ஒழுகவிட்டுப் பார்த்தாள். பிறகு சுவைத்தாள். "ரெண்டாவதுல புளிப்பு ஏற ஆரம்பிச்சிருக்கு. இன்னிக்கே செலவழிக்கணும். முதல்ல இருக்கறதுல இனிப்பு கூட. ஆனா ரெண்டுல ஒண்ணுல ஏதாவது வாசனை கலந்திருந்தா எனக்குத் தெரியாது. அதை நான் உங்ககிட்டதான் கேட்பேன்."

தலைமைச் சமையல்காரர் கிண்ணங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "முதல்ல இருக்கறதுல ஏலக்காய் இருக்கு" என்றார். பிறகு முதலாளியம்மா பக்கம் திரும்பினார். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆளோட நான் வேலை செய்வேன்."

சொல்லிவிட்டு இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டார்.

முதலாளியம்மா வாயைத் துடைத்தார். "மத்த ரெண்டு கேக்கையும் நீங்க வர்றதுக்கு முன்னாடியே சாப்பிட்டாச்சு. ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் ரெண்டாவது துண்டு கேட்கல." காலித் தட்டை நீட்டினார். "வைங்க. அந்த இடம் உங்களுக்குத்தான்."

மாமியார் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், இவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தது அவருக்கே தெரிந்தது. கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். மருமகள் பார்த்துவிட்டாள்.

கிளம்பும்போது முதலாளியம்மா மருமகளைத் தனியே அழைத்து, தாழ்வாரத்தில் நின்று சில நிமிடங்கள் பேசினார். மாமியார் தூரத்திலிருந்து பார்த்தார். மருமகள் தலையாட்டினாள். பிறகு தலையாட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

திரும்புகிற ட்ரிப்பில் நாத்தனாரின் பேருந்து வந்து நின்றது. கதவு திறந்ததும் அவள் கேட்டது ஒரே சொல். "என்ன?"

"கிடைச்சுடுச்சு!" என்று பதில் சொன்னவர் மாமியார். மருமகளிடமல்ல, மகளிடமுமல்ல, முழுப் பேருந்துக்கும் சொன்னார். "என் மருமகளுக்கு வாசனையே தெரியாது. தெரியாமலே ஜெயிச்சிருக்கா! இந்த ஊர்ல யாருக்காவது அப்படி ஒரு மருமக இருக்காளா? சொல்லுங்க பார்ப்போம்!"

யாரென்றே தெரியாத ஆட்கள் கைதட்டினார்கள். நாத்தனார் விதியெல்லாம் மறந்து ஹாரனை ஒரு நீட்டு நீட்டினாள். மூக்கு போனதை மாதக்கணக்கில் ஒளித்து வைத்தவள், அதை ஒரு பேருந்தே பாராட்டுவதைக் கேட்டபடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது.

மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மத்தியானச் சாப்பாடு நானே கொண்டுவந்து கொடுத்துடறேன். ஹோட்டல் சாப்பாடு தினம் ஒத்துக்காது. ஏதாவது மோந்து பார்க்கணும்னாலும் அப்படியே பார்த்துச் சொல்லிட்டு வந்துடலாம். எப்ப சேரணுமாம்?"

அத்தை இன்றைக்காவது சந்தோஷமாக இருக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மருமகளின் ஒரு மனம் சொன்னது. காலையில் முக்காலியில் உட்கார்ந்து, 'என்கிட்ட ஏன் சொல்லல' என்று கேட்ட முகம் நினைவுக்கு வந்தது.

"அத்தை, வேலை இந்த ஹோட்டல்ல இல்ல."

"பின்னே?"

"கடற்கரை ஊர்ல புதுசா ஒண்ணு திறக்கறாங்க. அதுக்குத்தான் என்னை எடுத்திருக்காங்க. ரயில்ல ஒரு ராத்திரிப் பயணம். அங்கேயே தங்கணுமாம். நாளைக்குள்ள பதில் சொல்லச் சொன்னாங்க."

பின்னால் யாரோ இன்னும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பேருந்து நின்றது. அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம். கதவு திறந்தது. இருவரும் எழவில்லை.

நாத்தனார் கண்ணாடியில் பார்த்தாள். "அம்மா, நம்ம நிறுத்தம். இறங்கலையா?"

மாமியார் மருமகளின் கையைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார். பார்வை நேரே சாலையில் இருந்தது.

"கதவைச் சாத்திட்டு ஓட்டுடி" என்றார். "இன்னொரு சுத்து போயிட்டு வரலாம். நாங்க கொஞ்சம் பேசணும்."